எட்டு நாள் என்று எழுதினேன்

நவம்பர் 2, வியாழன்

ஆதிரை தூங்கிவிட்டாள். மூக்கின் கீழ் விரல் வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டேன். மூச்சு வருகிறது. பதினான்கு மாதக் குழந்தைக்கு இன்னும் இப்படிப் பார்ப்பது அசட்டுத்தனம் என்று தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்.

இந்த நோட்டு திலகா அக்கா சொல்லி வாங்கியது. கல்லூரி விடுதியில் எனக்கு சீனியர், இப்போது ஈரோட்டில் வக்கீல். காலையில் போனில் அழுது கொட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "உன் கோபம் எனக்கு வேண்டாம் வாணி. தேதி வேணும். யாரு, எப்ப, என்ன செஞ்சாங்க. எழுதி வை" என்றாள்.

ஆகவே தேதி. அக்டோபர் 31, செவ்வாய். கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் மச்சாண்டார் செல்வகணபதி மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். என் கணவர் பூபதியின் கூடப் பிறந்த அண்ணன். அன்று கம்ப்யூட்டரில் உட்காரும் பெண் லீவு. "அம்மிணி, நீ படிச்ச புள்ளதான, ஒரு மணி நேரம் பாத்துக்கோ" என்று என்னை உட்கார வைத்துவிட்டு பேங்குக்குப் போனார். ஆதிரைக்குப் போன மாதம் வாங்கிய இரும்புச் சத்து மருந்தின் பெயர் மறந்துபோய், எங்கள் போன் நம்பரைப் போட்டுத் தேடினேன்.

குழந்தையின் பெயர் வரவில்லை. பூபதி பெயர் வந்தது. ஏழு வருடத்தில் பன்னிரண்டு தடவை. பன்னிரண்டும் ஒரே மாத்திரை. டாக்டர் என்ற இடத்தில் பன்னிரண்டு தடவையும் ஒரே பெயர். அந்த டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகனோடு கனடாவுக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. ஊருக்கே தெரியும்.

மனச்சோர்வுக்கான மாத்திரை. நான் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கல்யாணமாகி இரண்டரை வருடம். அவர் வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தபோதெல்லாம் எனக்குச் சொல்லப்பட்டது: உஷ்ண உடம்பு, சளி, கண்ணேறு. நான் இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

பன்னிரண்டு தேதிகளையும் வீட்டு போட்டோ ஆல்பத்தோடு ஒத்துப் பார்த்தேன்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு விசேஷம் இருக்கிறது. மச்சாண்டார் வீட்டுக் கிரகப்பிரவேசம். அவர் மகளுக்குச் சீர். மாமனாரின் அறுபதாம் கல்யாணம். எல்லாப் படத்திலும் என் கணவர் வாசலில் நின்று சந்தனம் கொடுத்துச் சிரிக்கிறார். தம்பி படுத்துக் கிடந்தால் சபையில் என்ன பேசுவார்கள்! அதற்காக மாத்திரையைக் கொடுத்து எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். விசேஷம் முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். இடையில் என்ன ஆனார் என்று யாருக்குக் கவலை?

ஐந்தாவது தேதிக்கு இருபது நாள் கழித்து எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள்.

அன்று அவர் எங்கள் கூடத்தில் இரண்டு மணி நேரம் பேசினார். நாலு மாதமாக ஓடாத மிக்சியைப் பிரித்து, பேசிக்கொண்டே ஓட வைத்தார். என் அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். என்னிடம் தனியாக, "நீங்க என்ன ப்ராஜெக்ட் பண்ணுனீங்க?" என்று கேட்டு, கடைசிவரை கேட்டார். அப்பா அவர்கள் போன பிறகு, "பாலிடெக்னிக் வாத்தியாருக்கு இவ்வளவு களையா!" என்றார்.

அந்த ஆளுக்குத்தான் கழுத்தை நீட்டினேன். அவர் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார். நாலைந்து நாள் இருப்பார். போய்விடுவார்.

செல்வகணபதியைச் சும்மா விடமாட்டேன். இதை எழுதும்போது என் கையெழுத்து நன்றாக இருக்கிறது. கவனித்தேன்.

நவம்பர் 6, திங்கள்

திலகா அக்கா: "மறைச்சுக் கட்டி வெச்சாங்கன்னு கேஸ் போடலாம். ஆனா வியாதிக்குப் பேரு வேணும். மனச்சோர்வுன்னா கோர்ட்ல ஒருத்தரும் அசரமாட்டாங்க. நீ சொல்ற அந்தத் துள்ளல் நாளெல்லாம் பாத்தா பைபோலார் மாதிரி இருக்கு, மனசு ஒரேடியா ஏறும், அப்பறம் ஒரேடியா எறங்கும். அதுல டைப் ஒன்னுன்னு ஒரு டாக்டர் எழுதிக் குடுத்தா, அந்தக் குடும்பத்தையே கூண்டுல ஏத்திருவேன். டைப் டூன்னா கொஞ்சம் இழுக்கும். முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. பாசமா."

பாசமாக. சரி.

நவம்பர் 9, வியாழன்

மச்சாண்டார் வந்திருந்தார். வேண்டுமென்றே ஆறின காபி கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லா இருக்குது அம்மிணி" என்றார். ஆத்திரம் இன்னும் கூடிவிட்டது.

டிசம்பர் பத்தாம் தேதி சத்தியமங்கலம் ரோட்டில் இரண்டாவது கடை திறக்கிறாராம். தீபாவளிக்குப் பிறகு பத்திரிகை அடிக்கிறாராம். "தம்பி தெளிவா இருக்கோணும், பாத்துக்கோ" என்றார்.

நவம்பர் 14, செவ்வாய்

ஈரோடு. டாக்டர் மெஹருன்னிசா. ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறார்.

தீபாவளிக்குக் குளிக்கக்கூட எழுந்திருக்காதவர் என்னோடு பேசாமல் பஸ் ஏறி வந்தார். வா என்றேன், வந்தார். அதுவே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

டாக்டர் அவரிடம் கொஞ்சம், என்னிடம் நிறையக் கேட்டார். பழைய மாத்திரையின் பெயரை மட்டும் சொன்னேன். எல்லாரும் படுத்துக் கிடக்கும்போதுதான் கூட்டி வருகிறார்கள், துள்ளும்போது சந்தோஷமாக இருக்கிறான் என்று விட்டுவிடுகிறார்கள், அதனால் பாதிக் கதைதான் டாக்டருக்குத் தெரிகிறது என்றார். "அந்த மாதிரி நாள் கடைசியா எப்ப வந்துச்சு?"

அக்டோபர் முதல் வாரம் என்றேன். அப்போது எந்த மாத்திரையும் இல்லை. இரவில் மூன்று மணி நேரம் தூங்கினார். தெருவில் பதினோரு வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் காசு வாங்காமல் சரிசெய்தார். வகுப்புக்கும் போனார், பிள்ளைகள் கைதட்டினார்களாம்.

"எத்தனை நாள்?"

நான் ஆதிரையின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன். பூபதி, "எனக்குச் சரியா நெனப்பில்லைங்க. அவ எழுதித் தருவா" என்றார்.

டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். நோட்டுக்காகக் குறித்துக்கொண்டேன். முதல் வகையில் ஏற்றம் ஒரு வாரமாவது நிற்கும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போகும். வேலை கெடும், குடும்பம் கெடும், இல்லாதது இருப்பதாகத் தோன்றலாம். இரண்டாவது வகையில் ஏற்றம் நாலு நாளாவது இருக்கும், ஆனால் அந்த அளவுக்குக் கட்டறுத்துப் போகாது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு மாற்றம் தெரியும், வேலை நின்றுபோகாது. ஆனால் இறக்கம் ஆழமாக இருக்கும், நீளமாக இருக்கும். மூன்றாவதாக ஒன்று, இரண்டு பக்கமும் லேசாக, வருடக்கணக்கில் ஆடிக்கொண்டே இருப்பது.

"அப்ப ரெண்டாவது லேசானதுங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. படுக்கையிலயே கழியிற நாள் அதுலதான் ஜாஸ்தி. உயிர விடணும்னு தோணுறது அதுல கம்மின்னு யாரும் சொல்ல முடியாது." கண்ணாடியைத் துடைத்தார். "இவருக்கு அந்தப் பழைய மாத்திரைய மட்டும் தனியா குடுத்தது தப்பு. சில பேர அது மேல தள்ளிவிட்டுரும். அப்பறம் விழுறது இன்னும் பலமா விழுவாங்க."

குழந்தைக்கு வருமா என்று கேட்டேன். மற்றவர்களைவிட வாய்ப்புக் கூடுதல், ஆனால் வருவதைவிட வராமல் இருப்பதுதான் அதிகம் என்றார். பஸ்ஸில் முழுக்க ஆதிரையின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அட்டவணைத் தாள் ஒன்று கொடுத்திருக்கிறார். நாள், தூக்கம், பேச்சு, செலவு, வேலை. அக்டோபர் ஏற்றத்தைப் பற்றி நான் நிரப்ப வேண்டும்.

நவம்பர் 15, புதன்

அக்டோபர் 5 முதல் 9 வரை. ஐந்து நாள். எனக்கு நன்றாகத் தெரியும். எண்ணிக்கொண்டே இருந்தேன். அவர் தெருவில் யார் வீட்டிலோ மோட்டார் போட்டுப் பார்க்கும் சத்தம் கேட்கும். ஜன்னலைச் சாத்தாமல் உட்கார்ந்திருப்பேன்.

எட்டு என்று எழுதினேன்.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை என்று எழுதினேன். "என் கையில் சக்தி இருக்கிறது, தொட்டால் ஓடுகிறது என்று சொன்னார்" என்று எழுதினேன். சொன்னார்தான். எதிர்வீட்டு அக்காவைச் சிரிக்க வைப்பதற்காகச் சொன்னார்.

மூன்று நாள்தானே கூட்டினேன். அவர்கள் என்னிடம் ஏழு வருடத்தை மறைத்தார்கள்.

நவம்பர் 21, செவ்வாய்

டாக்டர் தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வகுப்புக்குப் போனாருன்னு போன வாரம் சொன்னீங்களே?"

"அது வேற நாளுங்க."

தாளை அவரிடம் நீட்டினார். "எட்டு நாளா சார்?"

பூபதி அதை வெகுநேரம் பார்த்தார். படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. "அவ எழுதியிருந்தா அதேதானுங்க" என்றார்.

முதல் வகையாக வைத்துக்கொள்வோம் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனை எழுதி, கூடுதல் அளவில் மருந்து கொடுத்தார். திலகா அக்காவுக்கு செய்தி அனுப்பினேன். கைதட்டும் பொம்மை மூன்று அனுப்பினாள்.

நவம்பர் 23, வியாழன்

தூங்குகிறார். தூங்குகிறார். தூங்குகிறார்.

நவம்பர் 27, திங்கள்

ஆதிரைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவர் ஸ்பூனோடு கண்ணயர்ந்துவிட்டார். உலுக்கினேன்.

சாயங்காலம் பார்க்கிறேன், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்க, சேர்ல உக்காரலாமுங்கல்ல?"

"தல சுத்துது வாணி. கீழ உக்காந்து தூக்குனா, கை நழுவுனாலும் கொஞ்ச தூரந்தான் உழுவா."

நான் போய்க் குக்கரைத் திறந்தேன். ஆவி போகாமல் திறக்கப் பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டேன்.

நவம்பர் 30, வியாழன்

திலகா அக்கா போன் செய்தாள். எடுக்கவில்லை. மாவு அரைத்தேன். இரண்டு படிக்கு பதில் நாலு படி ஊறப்போட்டிருக்கிறேன். புத்தி எங்கே இருக்கிறதோ.

டிசம்பர் 3, ஞாயிறு

மச்சாண்டார் பத்திரிகையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொண்டுவந்தார். பூபதி படுத்திருந்தார். அவர் தலைமாட்டில் டப்பாவை வைத்துவிட்டு என்னிடம், "சத்து மாத்திரை அம்மிணி. தெனம் காலைல ஒண்ணு. இப்புடித் தூங்கி வழிஞ்சா பத்தாந்தேதி எப்புடி நிப்பான்? ஈரோட்டு டாக்டரெல்லாம் இப்புடித்தான், ஆள மரமாக்கி உட்ருவாங்க. எத்தன வருஷமா நான் பாக்கறன், எனக்குத் தெரியாதா இவன் உடம்பு?"

"நீங்க டாக்டருங்களா மாமா?"

சிரித்தார். "டாக்டருக்கே நான்தான் சொல்லித் தாரன்."

அவர் போனதும் டப்பாவைக் கவிழ்த்தேன். மேலே பத்துப் பன்னிரண்டு மஞ்சள் மாத்திரை. கீழே முழுக்க அந்த வெள்ளை மாத்திரை. கடையில் உட்கார்ந்த அன்றே எடுத்துப் பார்த்திருந்தேன், அதே நடுக்கோடு, அதே இரண்டு எழுத்து. மேலே தூவி மறைத்துக் கொண்டுவந்திருக்கிறார்!

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். உண்மையைத்தான் எழுதுகிறேன். அகப்பட்டுக்கொண்டான் என்று தோன்றியது. மாமா அல்ல, அவர் அல்ல, அவன்.

பிறகு கட்டிலைப் பார்த்தேன். ஒரு பக்கம் நான் பொய் சொல்லி வாங்கிய கூடுதல் மருந்து. இன்னொரு பக்கம் இது. நடுவில் அவர், வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டு. செல்வகணபதி மஞ்சள் மாத்திரையைத் தூவினான். நான் மூன்று நாளைத் தூவினேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

ஈரோடு. வெளியே மீன் தொட்டி இருக்கிறது. "ஆதிரைக்கு மீனக் காட்டுங்க" என்று அவரை அனுப்பினேன். கதவு சாத்தும்வரை பேசவில்லை.

"அஞ்சு நாள்தானுங்க. எட்டு இல்ல. ஞாயித்துக்கெழம தவிர எல்லா நாளும் வேலைக்குப் போனாரு. அந்தச் சக்தி பேச்சு, விளையாட்டுக்குச் சொன்னது."

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தார். "ஏன்?"

சொன்னேன். பெண் பார்த்த நாள், பன்னிரண்டு தேதி, வக்கீல் எல்லாம். டப்பாவையும் வைத்தேன்.

"ஒன்னாவது, ரெண்டாவதுங்கறது யாரு பெரிய குத்தவாளின்னு குடுக்கற மார்க் இல்லம்மா. எந்த மருந்து, எவ்வளவு, எதுக்குப் பயப்படணும்னு எனக்குச் சொல்ற அடையாளம். நீங்க சொல்ற நாளை வெச்சுத்தான் நான் கை வைக்கறேன்." கொஞ்சம் பொறுத்து, "உங்க கோபம் நியாயம். அத இந்தத் தாள்ல எழுதாதீங்க" என்றார்.

அவரை உள்ளே கூப்பிட்டுத் திரும்ப விசாரித்தார். மாத்திரை தொடுவதற்கு முன்னால், படிக்கும் காலத்திலேயே இப்படி வந்ததுண்டா? உண்டு என்றார், இரண்டு தடவை, ஒவ்வொன்றும் நாலைந்து நாள். டாக்டர் மருந்தைக் குறைத்தார், மாற்றினார். இரண்டாவது வகை என்று சொன்னார். விசேஷத்துக்கு விசேஷம் கொடுத்த மாத்திரையைப் பற்றியும் விளக்கினார்.

பூபதி கேட்டார்: "அப்ப இவங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போனது நான் இல்லீங்களா?"

"நீங்கதான் போனீங்க. யாரோ முதுகுல கை வெச்சுத் தள்ளிவிட்டாங்க."

சீட்டின் மேல் நோயின் பெயரை எழுதினார். கீழே, அந்தப் பழைய மாத்திரையின் பெயரைப் போட்டு, இவருக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். ஒரு மாதிரி அழகாக இருந்தது.

டிசம்பர் 8, வெள்ளி

இன்று குளித்துவிட்டு வந்து அவராகத் தலை துவட்டிக்கொண்டார். மருந்து சீட்டை ஹேண்ட்பேக்கின் முன் ஜிப்பில் வைத்துவிட்டேன். மருந்து வாங்கவில்லை. டாக்டர் ஐந்து நாளைக்குக் கையில் கொடுத்திருக்கிறார். வாங்குமிடம் முடிவாகிவிட்டது.

டிசம்பர் 10, ஞாயிறு

விடாமல் எழுதுகிறேன்.

சத்தியமங்கலம் ரோடு. வாசலில் வாழைமரம், உள்ளே ஹோமப் புகை. என் மாமியார் பக்கத்து உறவு, மச்சாண்டாரின் சம்பந்தி வீடு, மருந்து வணிகர் சங்கத்திலிருந்து ஒரு பெரிய கூட்டம். சங்கச் செயலாளர் வேலுமணி கவுன்டரிலேயே சாய்ந்து நின்றார்.

குத்துவிளக்கு ஏற்றியதும் மச்சாண்டார் உரக்கக் கூப்பிட்டார். "அம்மிணி! கொழந்தையத் தூக்கிட்டு வா. மொதப் போனி உன்ற கையாலதான். என்ன வேணும், சோப்பா, பவுடரா?"

இதற்குத்தான் காத்திருந்தேன். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜிப்பைத் திறந்தேன். என்ன பேசுவது என்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். முதல் சொல் தொண்டைவரை வந்தது.

பக்கத்தில் நின்ற பூபதி என் கையிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டார்.

"நான் பண்றனுங்கண்ணா போனி" என்று கவுன்டரில் வைத்தார்.

மச்சாண்டார் பிரித்தார். மேலே படித்தார், கீழே படித்தார். முகத்தில் சந்தனப் பொட்டு மட்டும் அசையாமல் இருந்தது. குரலைத் தாழ்த்தி, "இது சாயந்தரம் பாத்துக்கலாம்டா" என்று மடித்தார்.

"மொதப் போனிங்கண்ணா. திருப்பி அனுப்புவீங்களா?"

முதல் கிராக்கியை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு எந்தக் கடைக்காரன் அந்தக் கடையில் உட்காருவான்? மாமியாரே, "எதுனாலும் எடுத்துக் குடு கண்ணு, நேரம் போவுது" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது, பாவம். அல்லது தெரியும்.

மச்சாண்டார் ஒவ்வொரு எழுத்தாகக் கம்ப்யூட்டரில் தட்டினார். நோயாளி பெயர். டாக்டர் பெயர். செயலாளர் வேலுமணி சும்மா எட்டிப் பார்த்தவர், கண்ணைச் சுருக்கிக் கீழே இருந்ததை வாய்விட்டுப் படித்துவிட்டார். "கொடுக்கக் கூடாது, ரெண்டு கோடு போட்டிருக்குது... அட, தம்பிக்கு இதை யாரு குடுத்துட்டிருந்தது? எந்தக் கடைங்க?"

எல்லாரும் மச்சாண்டாரைப் பார்த்தார்கள். பில் அடிக்கும் மெஷின் மட்டும் சத்தம் போட்டது.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் இவ்வளவு இனித்திருக்காது.

பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ரசம் வந்தபோது அவர் இலையைப் பார்த்தபடி, "டாக்டரம்மா ஒண்ணுல இருந்து ரெண்டுக்கு மாத்துனாங்க. அன்னிக்கு என்னய மீன் பாக்கச் சொல்லிட்டு நீ சொல்லீட்ட, அஞ்சுன்னு. அப்புடித்தான?"

எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். "உங்களுக்குத்தான் நெனப்பில்லைன்னு சொன்னீங்களே?"

"அஞ்சு நாளும் தூங்காம முழிச்சுட்டிருந்தவன் நான். எனக்குத் தெரியாதா எத்தனன்னு?"

"அப்பறம் எதுக்குங்க அந்த டாக்டர்கிட்ட..."

"நாங்க உனக்குப் பண்ணுனதுக்கு, நீ மூணு நாள் கூட்டிப் போட்டா என்னன்னு இருந்துட்டேன்." அப்பளத்தை நொறுக்கி ஆதிரையின் வாயில் வைத்தார். "ரசம் ஆறுது. சாப்புடு."

டிசம்பர் 11, திங்கள்

திலகா அக்காவிடம் வழக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றேன். "மனசு மாறிட்டியா?" என்றாள். கணவர் விஷயத்தில் தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. மச்சாண்டார் விஷயத்தில் துளியும் மாறவில்லை.

காலையில் உட்கார்ந்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். கனடா போன டாக்டரின் பெயர், பன்னிரண்டு தேதி, டப்பாவின் படம். செல்வகணபதியின் லைசென்ஸ் எண்ணும் போட்டேன். புதுக்கடைச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்தார், படம் பிடித்துக்கொண்டேன்.

அவரிடம் காட்டாமல் அனுப்பத்தான் நினைத்தேன். பிறகு மேஜையில் வைத்தேன்.

இரண்டு தடவை படித்தார். அண்ணனாச்சே, வேண்டாம் என்பார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். பேனா கேட்டார். ஒன்பதாவது தேதியை அடித்தார்.

"இது அண்ணன் குடுக்கலை. நானாப் போயி, அவரு இல்லாதப்ப கம்ப்யூட்டர்ல இருந்த பொண்ணுகிட்டச் சொல்லி வாங்கிக்கிட்டது. ஆதிரை பொறக்கறதுக்கு முன்ன. பொறக்கறப்ப நிமிந்து நிக்கோணும்னு."

எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு என்றால் பார்க்கவே கனமாக இருந்தது. அந்தத் தேதி இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன். பதினொன்று. கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் ஆதிரையை இடுப்பில் வைத்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸில் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

பதினொன்று போதும் அந்த ஆளுக்கு.